அழகுமலை கண்ணை மூடியபோது

அந்தக் கரண்ட் ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் தொங்கத்தான் செய்தது. ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அழகுமலையைக் கேட்பார்கள். முதலில் காளவாசல் பக்கம், பிறகு சமயநல்லூர் பக்கம் என்று இருபத்தெட்டு வருடம் மின்சாரக் கம்பங்களோடு கிடந்தவர். எந்தக் கம்பத்தில் எத்தனை இணைப்பு, எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதற்குக் குழி தோண்டும்போது அடியில் பாறை வந்தது என்பது வரை நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். புதிதாக வரும் பொறியாளர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் அவரைத்தான் கேட்பார்கள்.

அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அழகுமலை. குழி தோண்டும் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆறு வருடத்தில் நிரந்தரமாகி, படிப்படியாக லைன் இன்ஸ்பெக்டர் ஆனார். இப்போது வயது ஐம்பத்தொன்று. அவருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை. ஒன்று ஞாபகம். இன்னொன்று நெஞ்சுரம்.

நெஞ்சுரம் என்ற பெயர் வந்தது 2011-ஆம் வருடம் வைகாசி மாதத்தில். கோடைமழைக் காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்திருந்தது. கம்பத்தில் ஏறியவன் ராஜபாண்டி, முப்பத்திரண்டு வயது. லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். ஆனால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரை முறைகேடாக இணைத்திருந்தார்கள். அதை யாரோ ஓடவிட, கரண்ட் கம்பி வழியே திரும்பி வந்துவிட்டது. ராஜபாண்டி உயிரோடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தின் பக்கமே யாரும் போக மறுத்தார்கள். ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் அழகுமலை ஏறி, மிச்சமிருந்த வேலையை முடித்துவிட்டு இறங்கி, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். "மனுசனா நீ, இரும்பா?" என்று வியந்தார்கள்.

விபத்து நடந்த அன்றைக்கு அழகுமலையோடு அங்கே இருந்த இன்னொருவன் சிவபாண்டி. அழகுமலையின் மனைவி ஒச்சம்மாளுக்கு ஒரே தம்பி. அழகுமலைதான் அவனை ஒப்பந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். நிரந்தரமாக இன்னும் சில மாதம்தான் இருந்தது. அந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டான்.

"முடியல மச்சான். கண்ணுக்குள்ளயே நிக்குது. ஏணியத் தொட்டா வருது, சோத்தைத் தொட்டா வருது."

"எல்லாருக்கும்தான்டா ஞாபகம் இருக்கு. எனக்கு இல்லையா? நான் ஏறல?"

அழகுமலைக்கு ஆத்திரம் தீரவில்லை. அடுத்த தையில் நான்கு வயது மகள் தமிழ்வாணிக்குக் காது குத்து வைத்தபோது, தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். சிவபாண்டி சீர்த் தட்டோடு வந்து நின்றான். அவன் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஊரே பார்த்திருக்க அழகுமலை சொன்னார்: "கை நடுங்குற பயல் மடியில எம் பிள்ளைய வைக்க மாட்டேன்." வேறொருவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். சிவபாண்டி தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். கொட்டாம்பட்டியில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தவன், அதற்குப் பிறகு இவர்கள் வாசலை மிதிக்கவில்லை. ஒச்சம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

தமிழ்வாணி இப்போது கல்லூரியில் முதலாமாண்டு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "அப்பா, எங்க காலேஜுல ஒரு ஆராய்ச்சி நடக்குது. மனுச மூளையும் கம்ப்யூட்டர் மூளையும் வழிய எப்படி ஞாபகம் வச்சுக்குதுன்னு பாக்குறாங்களாம். ஆட்டோ ஓட்டுறவங்க, தபால்காரர், சிலிண்டர் போடுறவங்கன்னு ஊர் வழி நல்லாத் தெரிஞ்ச ஆளுக வேணுமாம். ஒங்களச் சொல்லிட்டேன்."

அழகுமலைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

குளிர்பதன அறை ஒன்றில் இரண்டு பேர் இருந்தார்கள். அஸ்வினி மனோதத்துவம் படித்தவள். சித்தார்த் கம்ப்யூட்டர் ஆள். மொழி படித்தவர்களும் மூளை டாக்டர் ஒருவரும்கூடத் தங்கள் குழுவில் உண்டு என்றார்கள்.

"ஒரே கேள்விய மனுசங்ககிட்டயும் கேப்போம், நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருக்கிற மூளைகிட்டயும் கேப்போம்ண்ணே" என்றான் சித்தார்த். "அது காளவாசலப் பாத்ததே இல்ல. எழுத்துல படிச்சதுதான். ரெண்டு பேரும் எங்க தப்பு பண்றாங்கன்னு பாத்தா, ரெண்டு மனசும் எப்படி வேலை செய்யுதுன்னு பிடிபடும்."

முதல் நாள் அறுபது கேள்வி. எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு, இங்கிருந்து திரும்பினால் எந்தக் கை பக்கம் எது வரும் என்று கேட்டார்கள். அழகுமலை ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. சித்தார்த் எழுந்து நின்று கை கொடுத்தான்.

இரண்டாவது நாள்தான் அது நடந்தது.

"கண்ணை மூடிக்கங்க சார்" என்றாள் அஸ்வினி. "காளவாசல் சிக்னல்ல நிக்கிறீங்க. மேற்க பாக்குறீங்க. என்ன தெரியுது?"

"தேனி ரோடு. மேம்பாலம். இடது கைப்பக்கம் பேக்கரி, அதை ஒட்டிச் செருப்புக் கடை."

"பேக்கரி போர்டு என்ன கலர்ல தெரியுது?"

"சிவப்பு."

"சரி சார். அது இப்ப உங்களுக்குத் தெரியுதா? இல்ல, தெரியும்ங்கிறதால சொல்றீங்களா?"

அழகுமலை சிரித்துவிட்டார். "கண்ண மூடிக்கிட்டிருக்கேன், என்னம்மா தெரியும்? இருட்டுதான் தெரியுது."

கண்ணைத் திறந்தார். அஸ்வினியின் பேனா பாதி எழுத்தில் நின்றிருந்தது. சித்தார்த் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேசாக்கூட ஒண்ணும் வரலையா சார்? மங்கலா, புகை மாதிரி?"

"எது வரணும்?"

"படம் சார். பேக்கரியோட படம்."

"ஏம்மா, வெளையாடுறீங்களா? நீங்க கண்ண மூடினா படம் ஓடுதா?"

அஸ்வினி தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஆமா சார்."

"எனக்கும்தாண்ணே" என்றான் சித்தார்த். "இப்பக் கண்ணை மூடினா எங்க வீட்டு வாசல்ல நிக்கிற ஸ்கூட்டி தெரியும். சீட்டுல பூனை பிறாண்டின கோடுகூடத் தெரியும்."

"கனவுலயா?"

"முழிச்சுக்கிட்டே."

படித்தவர்கள் ஏதோ சோதனைக்காகப் பொய் சொல்கிறார்கள் என்றுதான் அழகுமலைக்குத் தோன்றியது. எழுந்து வெளியே வந்தார். வாசலில் காவலுக்கு இருந்த மொக்கைச்சாமி அவருக்குத் தெரிந்தவர்தான். அவரிடம் நேராகக் கேட்டார்.

"அண்ணே, கண்ண மூடிக்கிட்டு ஒங்க வீட்ட நெனச்சா வீடு தெரியுமா?"

"தெரியாம? ஓடு ஒண்ணு ஒடஞ்சிருக்கும், அதுவும் தெரியும்."

"நெசமாவே தெரியுமா? பாக்குற மாதிரி?"

"என்னய்யா கேள்வி இது? பாக்குற மாதிரிதான். இம்புட்டுத் துல்லியமா இருக்காது, ஆனாத் தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

அழகுமலை மரத்தடியில் நின்றபடியே மூன்று பேருக்குப் போன் அடித்தார். ஆபீஸ் டிரைவர், கூடப் படித்தவர், சொந்தத் தம்பி. மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மூவரும் அவரைத்தான் விநோதமாகக் கேட்டார்கள். "ஏன், ஒனக்கு வராதா?"

ஐம்பத்தொரு வருடம். எத்தனை பேரோடு பேசியிருக்கிறார், எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறார். "அவன் மொகம் கண்ணு முன்னாடியே வருது", "நெனச்சாலே கண்ணுல தெரியுது" என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம், வயிறு எரிகிறது என்றால் வயிற்றில் நெருப்பா எரிகிறது என்பதுபோல, வெறும் பேச்சுவழக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் அத்தனை பேரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சமயநல்லூர் சாலையில் பாதி தூரம் வந்ததும் அடுத்த நினைப்பு வந்து இடித்தது. பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த வேன்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

கண்ணுக்குள்ளயே நிக்குது மச்சான்.

அப்படியானால் சிவபாண்டிக்கு அது நிஜமாகவே நின்றதா? ஏணியைத் தொட்டபோதும் சோற்றைத் தொட்டபோதும், ராஜபாண்டி தொங்கியது நிஜமாகவே அவன் கண்ணுக்குத் தெரிந்ததா? திரும்பத் திரும்பவா?

அழகுமலை வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, சாலையோர மைல்கல்லில் உட்கார்ந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டில் ஒச்சம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை.

"அப்ப ஒங்க அம்மா மொகம்?"

"தெரியாது. சொல்லச் சொன்னா சொல்லுவேன். வலது மூக்குல மூக்குத்தி, நெத்தியில தழும்பு. ஆனாத் தெரியாது."

"எம் மொகம்? இப்ப நான் அடுப்படிக்குப் போயிட்டா?"

அழகுமலை இல்லையென்று தலையை ஆட்டினார். ஒச்சம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். இருபத்து நான்கு வருடம் கூடவே இருந்த மனிதனை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும் ஒச்சு? சொல்லு" என்றார் அவர்.

"எம்புட்டோ தெரியும்."

"அடிக்கடி வர்றது எது?"

அவள் சேலை நுனியைத் திருகினாள். "எந்தம்பி தட்டோட நின்னதுதான். வெத்தல மேல தோடு வச்சிருந்தான், சின்னச் செவப்புக் கல்லுத் தோடு. நீங்க சொன்னதும் தட்டப் பாத்தான், பிள்ளையப் பாத்தான், அப்புறம் என்னயப் பாத்தான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். சோறு வடிக்கயில வரும். துணி பிழியயில வரும்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"பதினாலு வருசமாவா? ஏன் சொல்லல?"

"சொல்லித்தான் தெரியணுமா? ஒங்களுக்கும் வரும், வந்தும் கல்லு மாதிரி இருக்கீகன்னு நெனச்சேன். அதுக்காக ஒங்கள மனசுக்குள்ள எம்புட்டுத் திட்டியிருக்கேன் தெரியுமா?"

உலை பொங்கி அடுப்பை அணைத்த சத்தம்கூட இருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் யாரும் அழைக்காமலேயே அவர் கல்லூரிக்குப் போனார். அஸ்வினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இது நோய் இல்லை என்றாள். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி உண்டு, பலருக்கும் சாகும்வரை தெரியாமலே போகும் என்றாள்.

"எம் பதில மெஷின் பதிலோட வச்சுப் பாத்தீங்களா?" என்று சித்தார்த்திடம் கேட்டார்.

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். "பாத்தேண்ணே. மத்தவங்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு இடத்தக் குழப்பிக்கிட்டாங்க. படம் ஒண்ணு போல இருந்தா மாறிப்போகும். நீங்க குழப்பிக்கல. அதுவும் குழப்பிக்கல. ஒங்க பதிலு அதோட போக்குக்குத்தான் கிட்டக்க இருக்கு."

அழகுமலை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப நான் மனுசன்ல சேத்தியா, மெஷின்ல சேத்தியா தம்பி?"

"மனுசன்தான் சார்" என்று அஸ்வினி அவசரமாக முந்திக்கொண்டாள். "மனசுன்னா ஒரே ஒரு மாதிரின்னு நாங்கதான் நெனச்சுட்டோம். படம் இல்லாததால பாசம் இல்ல, துக்கம் இல்லன்னு ஆயிராது."

"அதுக்கு ஏதாவது தெரியுமா? அந்த மெஷினுக்கு?"

"அதச் சொல்ல எங்களுக்கு வழியே இல்லண்ணே" என்றான் சித்தார்த். "அந்தக் கேள்விய வச்சே எங்களுக்குள்ள பெரிய சண்டை நடக்குது."

அழகுமலை மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "துக்கம் இல்லாமப் போகலன்னு சொல்றீங்க. ராஜபாண்டி செத்தப்ப எனக்கும் தாங்கலதான். ஆனா நாலாம் நாள் ஏறிட்டேன். தைரியம்னு நெனச்சேன். அது தைரியமில்லையேம்மா. பாக்காதவனுக்கு எதுக்குத் தைரியம்?"

அஸ்வினி பேனாவை மூடி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினார். ஒச்சம்மாள் கூட வருகிறேன் என்றாள். "மொதல்ல நான் போயிட்டு வாரேன்" என்று தடுத்துவிட்டார். கொட்டாம்பட்டியில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தார். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் சிமெண்ட் களம். சிவபாண்டி நட்டுவைத்த இரும்புக் கம்பியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதுதான்.

அவரைக் கண்டதும் கையிலிருந்த தேங்காய் நழுவி விழுந்தது.

"அக்காவுக்கு என்ன?"

"அக்கா நல்லா இருக்கா. பிள்ளையும் நல்லா இருக்கா. நான் ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன் மாப்ள."

சிவபாண்டி உட்காரச் சொல்லவில்லை. அழகுமலை நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். கல்லூரி, கேள்வி, இருட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே போனது. முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு நம்பாமல் பார்த்தான். அதற்குப் பிறகு வந்தது அழகுமலை எதிர்பாராத கோபம்.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமே வரலையா? ஒரு நாள்கூட?"

"வரல."

"பொய் சொல்லாத மச்சான்."

"எம் பிள்ள மேல சத்தியம்."

சிவபாண்டி களத்து விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நீயும் பாத்த, நானும் பாத்தேன். நீ ஏறிட்ட. என்னால முடியல. அப்ப எங்கிட்டத்தான் ஏதோ ஈனம்னு நெனச்சேன். எம் பெண்டாட்டி முன்னாடி, எம் பிள்ளைக முன்னாடி, பதினாலு வருசமா என்னய நானே கேவலமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இப்ப வந்து, நான் பாக்கவே இல்லங்கிற!"

அழகுமலை அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க மனதுக்குள் எடுத்து வந்த வார்த்தைகள் எதுவும் இப்போது போதாது என்று தெரிந்தது. அதனால் இதுவரை யாருமே அவனிடம் கேட்காததைக் கேட்டார்.

"என்ன தெரியும் ஒனக்கு? எனக்குத் தெரியாது. நீ சொல்லு, கேக்குறேன்."

சிவபாண்டி உரித்த மட்டையைப் பார்த்தபடியே பேசினான். "கம்பத்துக்கு அடியில நிக்கிறேன். ராஜபாண்டியண்ணன் ஏணியில கால வச்சுக்கிட்டு என்னயத் திரும்பிப் பாக்குறாரு. சிரிக்கிறாரு. ரெண்டாவது எர்த் ராடு எங் கையிலதான் இருக்கு. கரண்ட் வந்தா மண்ணுக்குள்ள எறக்கிவிடுற ராடு, இன்னும் மாட்டல. மாட்டாமலே நான் கைய ஆட்டுறேன், ஏறுங்கண்ணேன்னு. அவரு ஏறுறாரு." நிறுத்தினான். "அதுக்கு மேல நான் சொல்லணுமா?"

அழகுமலை தலையை நிமிர்த்தினார்.

"மாப்ள, நீ அங்க இல்லையே."

"என்ன?"

"நீ கம்பத்தடியில இல்ல. வண்டி புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு, எரநூறு அடி தள்ளி. ரெண்டாவது ராடு எடுக்க நான்தான் ஒன்னய அனுப்புனேன். நாலே முக்காலுக்கு அனுப்புனேன். நீ போனப்ப அவன் ஏணியத் தொடவே இல்ல, தரையில நின்னு கையுறை மாட்டிக்கிட்டிருந்தான். சத்தம் கேட்டுத்தான் நீ ஓடியாந்த. ராடு ஒங் கையில இருந்துச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இல்ல. எனக்குத் தெரியுது மச்சான். அவரு சிரிச்சது தெரியுது."

"ஒனக்குத் தெரியுது. ஆனா நடக்கல. எனக்குப் படம் கெடையாது, நடந்தது மட்டும் வரிவரியா இருக்கு. அதுல ஒரு வரி மாறினதில்ல."

சிவபாண்டி அவர் பக்கம் திரும்பினான். "அப்ப கையக் காட்டுனது யாரு?"

அந்தக் கேள்விக்கு அழகுமலையிடம் பதில் இருந்தது. பதினான்கு வருடமாக, ஒரு கம்பத்தின் எண்ணைப் போல, பத்திரமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விசாரணையில் ஜெனரேட்டரைப் பற்றித்தான் கேட்டார்கள். இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டியிருந்தால், ஜெனரேட்டர் ஓடியிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்பதை யாரும் கிளறவில்லை. அவரும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது வாயைத் திறந்தபோது, அந்த வாக்கியம் வெளியே வருவதைத் தன் காதாலேயே கேட்டு அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான். மழை வருதுன்னு அவசரப்பட்டேன். 'ஒரு பக்கம் போட்டாச்சு, மாப்ள வந்து அந்தப் பக்கம் மாட்டிக்கிருவான், நீ ஏறு'ன்னு நான்தான் சொன்னேன்."

தேங்காய் நார்க் குவியலில் காற்று புகுந்து சரசரத்தது. சிவபாண்டி எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து அழகுமலை அசையாமல் இருந்தார். அவன் அடிக்கவில்லை. தோப்புக்குள் விறுவிறுவென்று நடந்து போனான். ஒரு மணி நேரம் காத்திருந்தும் திரும்பி வரவில்லை. அவன் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இன்னைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் ஒச்சம்மாளின் போனுக்கு அவன் அழைத்தான். பதினான்கு வருடத்தில் முதல் அழைப்பு. அக்காவும் தம்பியும் அதிகம் பேசவில்லை, அழத்தான் செய்தார்கள். கடைசியில் அவன் சொன்னதை ஒச்சம்மாள் அப்படியே வந்து சொன்னாள்: "இப்பவும் வருதுக்கா. ஆனா பொய்னு தெரிஞ்சு வருது. அதனால ஒறங்க முடியுது." தமிழ்வாணியைப் பார்க்க வேண்டும் என்றானாம். மச்சானைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

அழகுமலை அதைக் கேட்டுத் தலையசைத்தார். சிவபாண்டியின் சுமை இறங்கியது நல்லதுதான். ஆனால் இறங்கிய இடம் தன் தலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கக் காகிதத்தில் நடந்ததை எழுதிப் பொறியாளரிடம் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு அதிர்ந்துபோய், "மூடின ஃபைலுங்க. இத்தன வருசம் கழிச்சு எதுக்கு?" என்று திருப்பித் தரப் பார்த்தார். அழகுமலை வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ராஜபாண்டியின் மனைவி கனகலட்சுமி, கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் அதே அலுவலகத்தில்தான் பன்னிரண்டு வருடமாக இருந்தாள். இவருடைய மேசைக்கு மூன்று மேசை தள்ளி. தினமும் "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வருவாள்.

சாப்பாட்டு நேரத்தில் பதிவேடுகள் வைக்கும் அறையில் அவளிடம் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கனகலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், கத்துவாள், ஆட்களைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"நீங்க ஏறுன்னு சொன்னதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'சரிண்ணே. எறங்குனதும் இஞ்சி டீ. சீனி கம்மியாச் சொல்லிரு'ன்னான்."

"சீனி கம்மியாவா?"

"ஆமாம்மா. அந்த வார்த்தைதான்."

"நான் அந்த ஒரு மாசமா அதுக்குத்தான் அவரோட சண்ட போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் கனகலட்சுமி. "எம் பேச்சக் கேக்கவே இல்லன்னு நெனச்சேன்." அவள் மெல்லச் சறுக்கிப் பதிவேட்டு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "போங்க. நீங்க போங்க."

மறுநாளிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை வேறொருவர் மூலமாக அனுப்பினாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோனது. இரும்பு மனிதன் என்று சொன்னவர்கள் இப்போது அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அழகுமலை யாரிடமும் நியாயம் பேசவில்லை. இரண்டு ராடும் மாட்டியதைத் தானே போய்த் தொட்டுப் பார்க்காமல் எவனையும் ஏற விடுவதில்லை என்பது மட்டும் புதிது.

கார்த்திகையில் ஒரு மாலை, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், கனகலட்சுமி அவர் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். தோளில் பை, கையில் வண்டிச் சாவி.

"அவரு சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

அழகுமலை எழுந்து நின்று சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். என்ன பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்ததும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.